லாரிக்கு எந்த டயர், எந்த ரிம்? - ஹார்வி ஃபயர்ஸ்டோன் வாழ்க்கை சொல்லும் பதில்

1920-களில் ஓடிய லாரி ஒன்று கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை மீட்டு மறுபடி ஓட்ட நினைப்பவர் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். பாடிக்கு பெயின்ட் அடித்துவிடலாம். சக்கரத்துக்கு வரும்போதுதான் தலை சுற்றும். மர ஆரக்கால் சக்கரமா, இரும்புச் சக்கரமா? கெட்டி ரப்பரா, காற்றடைத்த டயரா? ஒரே துண்டாக இருக்கும் ரிம்மா, வளையம் போட்டுப் பூட்டும் ரிம்மா? பழைய டயரின் ஓரத்தில் 32×6 என்று எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

தோற்றம் நன்றாக இருந்தால் போதும் என்று எதையாவது மாட்டிவிட முடியாது. எவ்வளவு பாரம், எந்தச் சாலை, டயரைப் பிடித்து வைக்கப்போகும் ரிம் எது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான் டயரைத் தேர்வுசெய்ய முடியும். லாரிகள் ஓடத் தொடங்கிய காலத்தில் இந்த மூன்று கேள்விகளையும் வைத்தே ஒரு பெரிய தொழிலைக் கட்டியவர் அமெரிக்காவின் ஹார்வி சாமுவேல் ஃபயர்ஸ்டோன். டயரில் அவருடைய பெயரைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதரின் கதை அவ்வளவாகத் தெரியாது.

குதிரை வண்டி விற்றவர்

ஒஹையோ மாகாணத்தில் கொலம்பியானா என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் 1868 டிசம்பர் 20 அன்று ஃபயர்ஸ்டோன் பிறந்தார். மூன்று மகன்களில் இரண்டாமவர். பள்ளி முடித்து, கிளீவ்லேண்டில் கொஞ்ச காலம் வணிகப் படிப்பு. பிறகு நிலக்கரி அலுவலகத்தில் கணக்கு எழுதினார். மருந்தும் எசென்ஸும்கூட விற்றுப் பார்த்தார். எதுவும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

அவருடைய உறவினர் ஒருவர் கொலம்பஸ் நகரில் குதிரை வண்டித் தொழிற்சாலை நடத்திவந்தார். ஃபயர்ஸ்டோன் அங்கே விற்பனையாளராகச் சேர்ந்து, டெட்ராய்ட் கிளையைக் கவனிக்கும் அளவுக்கு உயர்ந்தார். அப்போது குதிரை வண்டிகளுக்கு இரும்புப் பட்டைதான். கல் பாவிய தெருவில் போனால் எலும்பெல்லாம் அதிரும். அதே தெருவில் ரப்பர் பட்டை போட்ட வண்டி சத்தமில்லாமல் போனது. அந்த வண்டியை ஓட்டிய அனுபவம்தான் அவரை ரப்பர் பக்கம் திருப்பியது. விற்கவேண்டிய சரக்கு வண்டியல்ல, வண்டிக்கு அடியில் இருப்பதுதான் என்று அவருக்குப் பட்டது.

வண்டிக் கம்பெனி நொடித்துப்போனதும் 1896-ல் சிகாகோவுக்குப் போய் ரப்பர் டயர் வியாபாரம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, கையில் பணத்தோடும் ஒரு காப்புரிமையோடும் ஒஹையோவுக்கே திரும்பினார்.

ஆக்ரனில் ஒரு சின்னக் கம்பெனி

அவர் தேர்ந்தெடுத்த ஊர் ஆக்ரன். ரப்பர் தொழிலுக்கு அப்போதே பேர்போன ஊர் அது. குட்ரிச் நிறுவனம் 1870 முதலே அங்கே இருந்தது. குட்இயர் 1898-ல் வந்திருந்தது. 1900 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் டயர் அண்ட் ரப்பர் கம்பெனி அங்கே பதிவானது. தொடக்கத்தில் சொந்தமாக ரப்பர் தயாரிக்கக்கூட வசதி இல்லை. மற்ற கம்பெனிகளிடம் செய்து வாங்கித்தான் விற்றார்கள். சில ஆண்டுகள் கழித்து, ஒரு பழைய வார்ப்படப் பட்டறையை வாங்கி, பன்னிரண்டு பேரை வைத்து சொந்தத் தயாரிப்பைத் தொடங்கினார்கள்.

அவர் கையில் இருந்த காப்புரிமை எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். ரப்பருக்கு அல்ல, ரப்பரை ரிம்மோடு பிடித்து வைக்கும் முறைக்கு. அந்நாளில் கெட்டி ரப்பர் டயரின் பெரிய தொல்லை, ஓடும்போதே கழன்று வந்துவிடுவது. பாரம் ஏற ஏற ரப்பர் பிதுங்கும், பிடி தளரும். கம்பிகளைக் கொண்டு ரப்பரை ரிம்மோடு இறுக்கும் வழி அவரிடம் இருந்தது. டயரையும் ரிம்மையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்ற பாடம் அவருடைய தொழிலில் முதல் நாளிலிருந்தே இருந்தது. இன்றைக்குப் பழைய லாரியை மீட்பவர் டயரைப் பார்ப்பதற்கு முன் ரிம்மைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதும் அதனால்தான்.

ஃபோர்டின் ஆர்டர்

குதிரை வண்டி போய் கார் வந்தது. காருக்குக் காற்றடைத்த டயர் வேண்டும். அப்போது பரவலாக இருந்தது கிளிஞ்சர் வகை. ரிம்மின் இரு ஓரமும் உட்பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருக்கும். கடைக்காரர்கள் பீடிங் என்று சொல்லும் டயரின் உள்விளிம்பு அந்தக் கொக்கியில் போய் மாட்டிக்கொள்ளும். காற்றின் அழுத்தம்தான் அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கும். காற்று இறங்கினால் பிடியும் போச்சு.

இந்த வகை டயரைத் தயாரிக்க உரிமம் வேண்டும். உரிமத்தைக் கையில் வைத்திருந்த தயாரிப்பாளர் கூட்டமைப்பு ஃபயர்ஸ்டோனுக்கு இடம் தரவில்லை. அவர் வேறு வழி பார்த்தார். கொக்கி இல்லாத நேர்விளிம்பு டயரையும், அதற்கேற்ற ரிம்மையும் உருவாக்கினார். உள்ளே கம்பி வைத்த விளிம்பு என்பதால் அது நீளாது, ரிம்மை விட்டு எளிதில் வெளியே வராது. இன்றைய டயர்கள் எல்லாம் இந்த நேர்விளிம்பு வழியில் வந்தவைதான்.

ஹென்றி ஃபோர்டு அவருக்கு டெட்ராய்ட் நாட்களிலேயே அறிமுகம். மலிவு விலைக் கார் ஒன்றைப் பெருமளவில் தயாரிக்க ஃபோர்டு திட்டமிட்டபோது, கூட்டமைப்பின் விலைக்குக் கீழே டயர் தர ஃபயர்ஸ்டோன் முன்வந்தார். 1906-ல் 2,000 செட் டயருக்கு ஆர்டர் கிடைத்தது. சின்னக் கம்பெனிக்கு அது மலைபோன்ற ஆர்டர். அன்று தொடங்கிய உறவு இரண்டு குடும்பங்களையும் பல தலைமுறைக்குச் சேர்த்துவைத்தது. பின்னாளில் ஃபோர்டின் பேரனும் ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் திருமணம் செய்துகொண்டார்கள்.

நடுவழியில் பஞ்சர் ஆனால்?

அந்தக் காலத்தில் பஞ்சர் என்பது அன்றாட விஷயம். சக்கரத்தைக் கழற்ற முடியாது. வண்டியில் இருக்கும்போதே டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, திரும்ப மாட்டி, கைப் பம்பால் காற்றடிக்க வேண்டும். ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1907 வாக்கில் கொண்டுவந்த கழற்றி மாட்டும் ரிம் இந்தச் சிக்கலைக் குறைத்தது. காற்றடித்த டயரோடு ஒரு ரிம் உபரியாக வண்டியிலேயே இருக்கும். பஞ்சர் ஆனால் போல்ட்டுகளைத் தளர்த்தி ரிம்மோடு டயரை எடுத்துவிட்டு, உபரியை மாட்டிவிடலாம். மர ஆரக்கால் அப்படியே இருக்கும்.

அடுத்த ஆண்டு வந்தது வழுக்காத டயர். அதுவரை டயரின் மேற்பரப்பு பெரும்பாலும் வழவழவென்றுதான் இருந்தது. ஃபயர்ஸ்டோன், நான் ஸ்கிட் என்ற ஆங்கில எழுத்துகளையே சாய்வாக ரப்பரில் புடைப்பாக வார்த்தார்கள். அந்த எழுத்துகளின் ஓரங்கள் சாலையைப் பற்றிக்கொண்டன. ஈரமண்ணில் வண்டி போன வழியெல்லாம் கம்பெனி பெயர் பதிந்தது. விளம்பரத்துக்கு விளம்பரம், பிடிப்புக்குப் பிடிப்பு. பழைய வண்டி ஆர்வலர்களுக்காக அதே எழுத்து டயர் இன்றும் அச்சு அசலாக வார்த்து விற்கப்படுகிறது.

1911-ல் முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் ஜெயித்தது ஃபயர்ஸ்டோன் டயரில். சராசரி வேகம் மணிக்கு சுமார் 120 கி.மீ. பந்தயத்தை ஃபயர்ஸ்டோன் வெறும் விளம்பரமாகப் பார்க்கவில்லை. சாலையில் பல மாதங்களில் தேயும் டயர் அங்கே ஒரே நாளில் தேய்ந்துவிடும். எது உடைகிறது, ஏன் உடைகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

கெட்டி ரப்பரா, காற்றா?

இனி லாரிக்கு வருவோம். ஆரம்பகால லாரிகள் பெரும்பாலும் கெட்டி ரப்பரில்தான் ஓடின. இரும்பு வளையத்தின் மேல் ரப்பரை வார்த்து, அந்த வளையத்தைப் பெரிய அழுத்த இயந்திரத்தால் சக்கரத்தின் மேல் ஏற்றிவிடுவார்கள். பஞ்சர் என்ற பேச்சே கிடையாது. டன் கணக்கில் ஏற்றினாலும் தாங்கும். அதன் குறைகள் வேகமாகப் போகும்போதுதான் தெரியும். ரப்பர் சூடாகும், பிளக்கும், வளையத்தை விட்டு உரியும். ஒவ்வொரு குழியின் அடியும் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஓட்டுநரின் முதுகுக்கும் நேராகப் போகும். சாலையும் சேர்ந்து உடையும்.

காற்று டயர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், வேகமும் கூடும். ஆனால் லாரியின் பாரத்தைத் தாங்கும் காற்று டயரைச் செய்வது எளிதாக இல்லை. போட்டி நிறுவனமான குட்இயர் 1917-ல் ஆக்ரனிலிருந்து பாஸ்டனுக்குக் காற்று டயர் லாரி ஒன்றை அனுப்பிச் சோதித்தது. முதல் பயணத்தில் டயர்கள் வெடித்துக்கொண்டே இருந்தன, ஆனாலும் லாரி போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு வந்த ஃபோர்டின் ஒரு டன் லாரி, மாடல் டி.டி., இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்கு நல்ல உதாரணம். ஆரம்பத்தில் முன்சக்கரத்தில் காற்று டயர், பாரம் தாங்கும் பின்சக்கரத்தில் கெட்டி ரப்பர். பின்னால் வந்தவற்றில் பின்சக்கரத்துக்கும் காற்று டயர் வந்தது. இன்று அந்த லாரியை மீட்பவருக்கு முதல் வேலை, தன் வண்டி எந்த ஆண்டு வண்டி என்று பார்ப்பதுதான்.

முதல் உலகப் போரில் ரயில்கள் சரக்கால் நிரம்பி வழிந்தன. அந்த நேரத்தில், 1918-ல், ஃபயர்ஸ்டோன் ‘ஷிப் பை டிரக்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். குறுகிய தூரச் சரக்கை லாரியில் அனுப்புங்கள் என்பதுதான் சாரம். நகரங்களில் அலுவலகம் திறந்து, எந்த ஊருக்கு எந்த லாரி போகிறது, திரும்பும்போது என்ன சரக்கு கிடைக்கும் என்று தகவல் கொடுத்தார்கள். லாரி ஓடினால்தான் டயர் தேயும், டயர் தேய்ந்தால்தான் வியாபாரம் என்ற கணக்கு இதில் உண்டு. விவசாயி தன் விளைச்சலைத் தானே சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்ற பண்ணைக்காரப் பார்வையும் உண்டு.

1919 கோடையில் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு லாரிப் படையை அனுப்பியது. சுமார் 5,200 கி.மீ. தூரத்துக்கு 62 நாள் ஆனது. லாரிகள் சேற்றில் புதைந்தன, பாலங்கள் நொறுங்கின. வழியில் அந்தப் படை கொலம்பியானாவில் ஃபயர்ஸ்டோனின் பண்ணையில் இறங்கி விருந்து சாப்பிட்டது. அதில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரானார். அவர்தான் ஐசனோவர். 1956-ல் நாடு முழுவதும் நெடுஞ்சாலை போடும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டபோது, இந்தப் பயணத்தின் நினைவும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது.

பலூன் டயரும் பால் முக்கிய நூலும்

போர் முடிந்ததும் சரக்கு தேங்கியது. 1920-ல் விலைகள் சரிந்தன. ஃபயர்ஸ்டோன் கம்பெனி கடனில் மூழ்கும் நிலை. அவர் டயர் விலையைக் கால்வாசி குறைத்து, சரக்கைத் தள்ளி, கடனை அடைத்துக் கரையேறினார். ஆள்குறைப்பும் நடந்தது.

அதே ஆண்டுகளில் வந்ததுதான் ‘கம் டிப்பிங்’. அன்றைய டயருக்குள் இருந்தது பருத்தி நூல். ஓடும்போது நூலும் நூலும் உரசிச் சூடாகி அறுந்துபோகும். நூலை ரப்பர் கரைசலில் முக்கி எடுத்தால் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக ரப்பர் பூச்சு பெறும், உரசல் குறையும். பாரம் ஏற்றும் டயருக்கு இது உயிர்நாடி.

நூல் உறுதியானதும் டயரின் சுவரை மெல்லியதாக்க முடிந்தது. 1923-ல் ஃபயர்ஸ்டோன் பலூன் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பழைய கார் டயரில் 60 பி.எஸ்.ஐ. அளவுக்குக்கூட காற்று அடிக்க வேண்டியிருந்தது. பலூன் டயருக்கு அதில் ஏறத்தாழ பாதி போதும். அகலம் கூடியது, குலுக்கல் குறைந்தது.

டயர் அளவை எழுதும் முறை மாறியதும் இந்தக் கட்டத்தில்தான். பழைய முறையில் 32×6 என்றால் டயரின் மொத்த உயரம் 32 அங்குலம், அகலம் 6 அங்குலம். மேலும் கீழும் ஆறு ஆறாகக் கழித்தால் ரிம் 20 அங்குலம். ஃபோர்டு மாடல் டி-யின் 30×3½ டயரும் அப்படித்தான், கழித்தால் 23 அங்குல ரிம். பலூன் காலத்தில் 6.00-16 என்று எழுதத் தொடங்கினார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது எண் நேராக ரிம் அளவு. இது புரிந்துவிட்டால் பழைய லாரிக்கு டயர் தேடுவதில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ரப்பர் எங்கிருந்து வருகிறது?

டயர் ஆக்ரனில் உருவானாலும் ரப்பர் அங்கே விளையவில்லை. உலக ரப்பரில் பெரும்பகுதி பிரிட்டன் வசமிருந்த மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள். 1920-21-ல் ரப்பர் விலை விழுந்தபோது வேலை இழந்து ஊர் திரும்பியவர்களில் அவர்களும் உண்டு.

விலையைத் தூக்கி நிறுத்த பிரிட்டன் 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டத்தை அமல்படுத்தியது. மலாயாவும் இலங்கையும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு. ஒரு பவுண்டு 20 சென்டுக்கும் கீழே கிடந்த ரப்பர் 1925-ல் ஒரு டாலரைத் தாண்டியது. உலக ரப்பரில் சுமார் முக்கால் பங்கை வாங்கிக்கொண்டிருந்தது அமெரிக்கா. டயர் முதலாளிகள் பலர் முணுமுணுப்போடு நின்றுவிட்டார்கள். ஃபயர்ஸ்டோன் சண்டைக்கே போனார். அமெரிக்கா தனக்கு வேண்டிய ரப்பரைத் தானே பயிரிட வேண்டும் என்று நாடாளுமன்றம் வரை போய் வாதாடினார். மாற்று நிலம் எங்கே இருக்கிறது என்று ஆராய அமெரிக்க அரசும் பணம் ஒதுக்கியது.

அவரும் ஃபோர்டும் எடிசனும் நெருங்கிய நண்பர்கள். இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸையும் சேர்த்துக்கொண்டு, காரும் லாரியும் சமையல் வண்டியுமாகக் காடு மேடெல்லாம் முகாம் போட்டவர்கள். 1921 முகாமுக்கு அதிபர் ஹார்டிங்கே வந்தார். 1927-ல் ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும் பணம் போட, அமெரிக்க மண்ணிலேயே விளையும் செடியிலிருந்து ரப்பர் எடுக்க எடிசன் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்து, கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடியில் வந்து நின்றார். 1931-ல் எடிசன் இறந்தார். அந்த ரப்பர் கடைசிவரை சந்தைக்கு வரவில்லை.

லைபீரியா என்ற விடை

ஃபயர்ஸ்டோன் கண்டுபிடித்த வழி மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தது. 1926-ல் லைபீரிய அரசுடன் ஒப்பந்தம் போட்டார். 99 ஆண்டுக் குத்தகை, 10 லட்சம் ஏக்கர் வரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென்ட். கூடவே 50 லட்சம் டாலர் கடன். அந்தக் கடனைக் கொடுத்தது ஃபயர்ஸ்டோன் உருவாக்கிய நிதி நிறுவனமே. கடனோடு, நாட்டின் நிதி நிர்வாகத்தை மேற்பார்வையிட அமெரிக்க ஆலோசகர்களும் வந்தார்கள். ஒரு கம்பெனியின் டயர் தேவைக்காக ஒரு சுதந்திர நாட்டின் கஜானாவே பிடிக்குள் வந்தது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. தோட்டத்தின் தலைமையிடத்துக்கு ஹார்பெல் என்று பெயர் வைத்தார்கள். ஹார்வி, அவர் மனைவி ஐடபெல் இருவர் பெயரையும் சேர்த்த பெயர் அது.

சாலையும் மருத்துவமனையும் கூலி வேலையும் வந்தன என்பது உண்மை. ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதில்தான் பிரச்சினை. ஊர்த் தலைவர்கள் மூலம் ஆள் திரட்டப்பட்டது, தலைக்கு இவ்வளவு என்று தலைவர்களுக்குப் பணமும் போனது. லைபீரியாவில் நடந்த கட்டாய உழைப்பு பற்றி விசாரிக்க 1930-ல் உலக நாடுகள் சங்கத்தின் சார்பில் கத்பர்ட் கிறிஸ்டி தலைமையில் குழு வந்தது. ஆட்களைப் பிடித்து வெளித்தீவுக்கு அனுப்பிய வேலையில் அரசின் உயர்மட்டமே சம்பந்தப்பட்டிருப்பதாக அறிக்கை வந்தது. அதிபர் சார்லஸ் கிங்கும் துணை அதிபரும் பதவி விலகினார்கள். ஃபயர்ஸ்டோன் நிறுவனம் தெரிந்தே கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று குழு சொன்னது. தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதில் அரசின் வற்புறுத்தல் இருந்ததையும் அதே குழு பதிவுசெய்தது.

ரப்பர் மரம் பால் தரச் சுமார் 6, 7 ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஸ்டீவன்சன் திட்டமே 1928-ல் கைவிடப்பட்டது, ரப்பர் விலையும் தரைமட்டமானது. ஃபயர்ஸ்டோன் இருந்தவரை அவருடைய ஆலைகளுக்குப் பெரும்பாலான ரப்பர் ஆசியாவிலிருந்தே போனது. பிரிட்டனின் பிடியிலிருந்து விடுபடவேண்டும் என்று அவர் கிளம்பியது நியாயம்தான். அதற்காக அவர் லைபீரியாவின் மேல் போட்ட பிடி அதைவிட இறுக்கமாக இருந்தது.

டிராக்டருக்கு ரப்பர், ஆலையில் மௌனம்

1930-களின் தொடக்கம் வரை டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. ஃபயர்ஸ்டோன் தன் கொலம்பியானா பண்ணையையே சோதனைக் களமாக்கினார். ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தின் டிராக்டர்களில் விமான டயரை மாட்டிப் பார்த்துத் தொடங்கிய முயற்சி, உழவுக்கென்றே தனி வடிவ டயரில் போய் முடிந்தது. 1933-ல் அப்படி ஒரு டிராக்டரைப் பந்தய வீரர் பார்னி ஓல்டுஃபீல்டு மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓட்டிக் காட்டினார். டிராக்டரால் சாலையிலும் போக முடியும் என்பது விவசாயிக்குப் புரிந்தது.

ஆக்ரனில் அவர் தொழிலாளர்களுக்காக 1916 முதல் ஃபயர்ஸ்டோன் பார்க் என்ற குடியிருப்பைக் கட்டியிருந்தார். வீடு கொடுத்த முதலாளி, சங்கத்தை மட்டும் ஏற்கவில்லை. 1936 ஜனவரி 29 அதிகாலை 2 மணிக்கு, முதல் ஆலையின் லாரி டயர் பிரிவில் தொழிலாளர்கள் ஒரே நேரத்தில் இயந்திரங்களை நிறுத்தினார்கள். துண்டுக்கு இவ்வளவு என்ற கூலி விகிதத்திலும், சங்கத்துக்காரர் ஒருவரின் இடைநீக்கத்திலும் வந்த தகராறு. வெளியே போகாமல் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரைச்சலிலேயே பழகிய ஆலை திடீரென்று அமைதியானது. சுமார் 3 நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. அந்த உள்ளிருப்புப் போராட்டம் ஆக்ரனின் மற்ற ஆலைகளுக்கும் பரவியது. 1937-ல் ஏறக்குறைய 2 மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சங்கத்துடன் ஃபயர்ஸ்டோன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

1938 பிப்ரவரி 7 அன்று மயாமி பீச்சில் தூக்கத்திலேயே ஃபயர்ஸ்டோன் இறந்தார். வயது 69. பிறந்த கொலம்பியானாவிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த பண்ணை வீட்டைப் பின்னாளில் அப்படியே பெயர்த்து, ஃபோர்டு உருவாக்கிய கிரீன்ஃபீல்டு வில்லேஜ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கம்பெனியை 1988-ல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கியது.

பழைய லாரிக்கு டயர் வாங்கும்போது

அவர் காலத்து வழக்கம் ஒன்று இன்றும் செல்லும்: முதலில் ரிம், அப்புறம் டயர். பழைய லாரிகளில் வளையமும் லாக் ரிங்கும் போட்டுப் பூட்டும் பல துண்டு ரிம்கள் அதிகம். துண்டுகள் ஒரே ஜோடியைச் சேர்ந்தவையாக, துரு அரிக்காமல் இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் காற்றடிப்பதை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். வளையம் தெறித்தால் உயிரே போகும். அமெரிக்காவில் 1980-ல் இதற்கென்றே தனிப் பாதுகாப்பு விதி வந்தது.

அதிலும் ஒரு வகையை முற்றிலும் தவிர்ப்பது நல்லது. ஃபயர்ஸ்டோன் இறந்த பிறகு அவர் நிறுவனம் தயாரித்த ஆர்.எச்.5 டிகிரி ரிம் நடுவில் சேரும் இரண்டு பாதிகளாக இருக்கும். பூட்டு சரியாக விழுந்ததா என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. மெக்கானிக்குகள் அதை விதவையாக்கும் ரிம் என்று பட்டப்பெயர் வைத்தே அழைத்தார்கள். மீட்டெடுக்கும் லாரியில் அது இருந்தால் அழகு பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது பாரம். லாரி காலியாகக் கண்காட்சிக்குப் போகிறதா, சரக்கு ஏற்றப்போகிறதா என்று முடிவுசெய்து, ஒவ்வொரு அச்சிலும் விழும் எடையைத் தாங்கும் டயரை வாங்க வேண்டும். பழைய தோற்றம் வேண்டுமென்றால் நம்மூரில் நைலான் டயர் என்று சொல்லப்படும் பயாஸ் வகை பொருந்தும். நீண்ட தூர ஓட்டத்துக்கு ரேடியல் சுகம். ஆனால் எல்லாப் பழைய ரிம்மும் ரேடியலைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டியூபும் ஃபிளாப்பும் ரேடியலுக்கு ஏற்றவையா என்று பார்க்க வேண்டும். ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலக்கவே கூடாது. பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும். அதை நம்பிச் சாலையில் இறங்கக் கூடாது.

செயற்கை ரப்பர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தாலும் லாரி டயரில் கார் டயரைவிட இயற்கை ரப்பர் அதிகம். பாரத்தில் ஏறும் சூட்டை அதுதான் நன்றாகத் தாங்கும். அந்த ரப்பருக்காக ஹார்பெல் தோட்டத்தில் இன்றும் காலையில் ஆட்கள் கத்தியோடு மரத்தடிக்குப் போகிறார்கள்.